ஒத்தை மெசேஜுக்கு எத்தனை ரூபாய்ங்க?



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீ குடிக்கிற நேரத்துல படிச்சுடலாம். படிச்சு முடிச்சதும் உங்க வீட்டுல கீபேடு போன் வெச்சிருக்கிற பெரியவங்க யாராவது இருந்தா, அவங்களுக்கு மாசாமாசம் என்ன ரீசார்ஜ் போடுறீங்கன்னு ஒருக்கா எடுத்துப் பாருங்க.

2021 நவம்பர் கடைசி. அப்போ நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். கிணத்துக்கடவு பக்கம் அமுச்சி ஊருக்குப் போயிருந்தேன். அமுச்சிகிட்ட இருக்கிறது பழைய பட்டன் போன். பச்சைப் பட்டனை அமுக்கினா பேசலாம், சிவப்பை அமுக்கினா வெச்சுடலாம், அவ்வளவுதான் அவங்களுக்குத் தெரியும். போன உடனே புகார். "ஏஞ்சாமி, தோட்டத்துக்குப் போனா இந்தப் போன்ல டவரே நிக்கறதில்ல. சும்மா கல்லு மாதிரி கெடக்குது. வேற கம்பெனிக்கு மாத்திக் குடு கண்ணு."

இது ஒரு பெரிய வேலையான்னு நானும் போனை வாங்கினேன். போர்ட்னு இங்கிலீஷ்ல அடிச்சு, பக்கத்துல நம்பரைப் போட்டு, 1900-க்கு அனுப்பினா கோடு வரும். அனுப்பினேன். போகலை. மறுபடி அனுப்பினேன். போகலை. பேலன்ஸ் பார்த்தா காசு இருக்கு. மெசேஜ் மட்டும் போகமாட்டேங்குது. ரீசார்ஜ் கடைக்குப் போனா அந்த அண்ணன் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: "தம்பி, அமுச்சி போட்டிருக்கிறது சின்ன பேக்குங்க. அதுல எஸ்எம்எஸ் போகாது. பெரிய பேக் போடுங்க, அப்பத்தான் தொறக்கும்."

புரியுதுங்களா? கம்பெனியை விட்டுப் போகணும்னா ஒரு எஸ்எம்எஸ் அனுப்பணும். அந்த எஸ்எம்எஸ் அனுப்பணும்னா, விட்டுப் போகப்போற கம்பெனிக்கே பெரிய பேக் போடணும். வாடகை வீட்டைக் காலி பண்றேன்னு சொன்னா, "அடுத்த மாச வாடகையையும் சேத்துக் குடு, அப்பத்தான் சாமானை எடுக்கக் கதவைத் தொறப்பேன்"னு வீட்டுக்காரர் சொல்ற மாதிரி.

எங்க அமுச்சிக்கு மட்டும் நடந்த கெரகம்னுதான் அப்போ நினைச்சேன். இல்லைங்க. நாடு முழுக்க இதே கதை. ஒரு கம்பெனி இப்படிச் சின்ன பேக்ல எஸ்எம்எஸ் குடுக்காம வெச்சிருக்குன்னு ஜியோ போய் டிராய்கிட்டப் புகார் குடுத்துச்சு. ஜியோவுக்கு நம்ம மேல பாசம்னு நினைச்சுடாதீங்க, வர்ற கஸ்டமர் வராமப் போறாங்களேன்னு கவலை. ஆனா காரியம் நடந்துச்சு. 2021 டிசம்பர் 7 அன்னைக்கு டிராய் உத்தரவு போட்டுச்சு: எந்த பேக் போட்டிருந்தாலும், எவ்வளவு கம்மியான பேக்கா இருந்தாலும், 1900-க்குப் போற போர்ட் மெசேஜைத் தடுக்கக் கூடாது. பேலன்ஸ் இருந்தும் மெசேஜ் போகலைன்னு நிறையப் புகார் வந்ததா டிராயே ஒத்துக்கிச்சு.

நம்பர் மாறாம கம்பெனி மாத்தலாம்ங்கிற உரிமை நாடு முழுக்க வந்தது 2011 ஜனவரியில. பத்து வருஷம் கழிச்சும் அந்தக் கதவோட சாவி கம்பெனிக்காரன் பாக்கெட்லதான் இருந்திருக்கு.

கோயம்புத்தூர்க்காரங்களுக்கு இந்தச் சாவி விஷயம் மறந்திருக்காது. 2018 பிப்ரவரியில ஏர்செல் படுத்த வாரத்தை நினைச்சுப் பாருங்க. தமிழ்நாடு முழுக்க சிக்னல் போச்சு. ஏர்செல் ஷோரூம் வாசல்ல எல்லாம் கூட்டம். வேற கம்பெனிக்கு ஓடலாம்னா போர்ட் மெசேஜ் அனுப்பணும், மெசேஜ் அனுப்ப சிக்னல் வேணும், சிக்னல்தான் இல்லையே! பதினஞ்சு வருஷமா ஒரே நம்பரை போர்டுல எழுதி வெச்சு யாவாரம் பண்ணின கடைக்காரங்க அன்னைக்குப் பட்ட பாடு கொஞ்சமா? வாட்ஸ்அப் வந்ததும் எஸ்எம்எஸ் செத்துப்போச்சுன்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம். சாகலைங்க. அது பேசுற சாதனமா இல்லாம சாவியா மாறிடுச்சு. பேங்க் ஓடிபி, ஆதார் ஓடிபி, கேஸ் சிலிண்டர் வந்தா சொல்ல வேண்டிய கோடு, ரேஷன்ல சாமான் வாங்கினா வர்ற தகவல், கரண்ட் பில் எல்லாமே அதுலதான் வருது.

இப்போ இந்தச் சாவிக்கு என்ன அடக்க விலைன்னு பார்ப்போம். படிச்ச படிப்பு இதுக்காவது உதவட்டும்.

ஒரு எஸ்எம்எஸ்னா 140 பைட். அவ்வளவுதான். அதுக்குன்னு தனி ரோடு போடலை. போன் டவரோட "நான் இங்கதான் இருக்கேன்"னு பேசிக்கிற சிக்னலிங் பாதை ஒண்ணு ஏற்கெனவே இருக்கு. அதுல இருந்த காலி இடத்துல ஏத்தி அனுப்புற சின்னச் சீட்டுதான் எஸ்எம்எஸ். ஓடுற பஸ்ல டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல ஒரு கடுதாசியை வெச்சு விடுற மாதிரி. ஒரு கம்பெனியோட எஸ்எம்எஸ்ஸை இன்னொரு கம்பெனி வாங்கிக் கொண்டுசேர்க்க எவ்வளவு குடுக்கணும்னு 2013-ல டிராய் கணக்குப் போட்டு நிர்ணயிச்சது: 2 பைசா. ரெண்டே பைசா. சரி, அனுப்புற கம்பெனிக்கும் சர்வர், பில்லிங், ஆளுக்குச் சம்பளம்னு செலவு இருக்கும், இல்லைன்னு சொல்லலை. அதுக்காக நம்மகிட்ட வாங்குறது எவ்வளவு? பேக்ல எஸ்எம்எஸ் இல்லாதவங்களுக்கு உள்ளூருக்கு 1 ரூபாய், வெளிமாநிலத்துக்கு ஒன்றரை ரூபாய்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன், தலை சுத்திருச்சு. ஒரு ஜிபி டேட்டாவை 140 பைட் சீட்டுகளா வெட்டினா 71 லட்சம் எஸ்எம்எஸ் வருது. ஒண்ணு ஒரு ரூபாய்னா 71 லட்சம் ரூபாய். அதே ஒரு ஜிபியை டேட்டாவா வாங்கினா 10 ரூபாய் வாக்குல முடிஞ்சிடும். ரெண்டும் போறது அதே டவர் வழியாத்தான்.

இந்தக் கொள்ளை புதுசும் இல்லை. 2008, 2009 வாக்குல நான் சின்னப் பையன். எங்க பெரியம்மா பையன் காலேஜ் படிச்சுக்கிட்டிருந்தான். மாசம் பொறந்தா எஸ்எம்எஸ் பூஸ்டர் போடுவான். ராத்திரி முழுக்க போர்வைக்குள்ள டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்கும். ஆனா தீபாவளி வந்தா போனைத் தொடமாட்டான். ஏன்னா அன்னைக்கு "பிளாக் அவுட் டே". பூஸ்டர் செல்லாது, ஒவ்வொரு மெசேஜுக்கும் முழுக்காசு. வருஷம் பூரா சும்மா இருக்கிற நாள்ல சலுகை, எல்லாரும் வாழ்த்து அனுப்புற பொங்கல், தீபாவளி, நியூ இயர்ல சலுகை ரத்து. வருஷத்துக்கு 5 நாளுக்கு மேல இப்படிப் பண்ணக் கூடாதுன்னு டிராய் வரம்பு வெச்சது. பண்ணவே கூடாதுன்னு சொல்லலை, அஞ்சு நாள் பண்ணிக்கோன்னு சொன்னது!

அப்புறம் 2011 செப்டம்பர் 27-ல இருந்து ஒரு சிம்முக்கு ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ்தான்னு கட்டுப்பாடு. விளம்பர மெசேஜ் தொல்லையைத் தடுக்கவாம். தொல்லை பண்ணினது எவனோ, கட்டுனது நம்ம பசங்களை. அப்புறம் அதை 200 ஆக்கினாங்க. 2012-ல டெல்லி ஹைகோர்ட் தனிமனுஷன் அனுப்புற மெசேஜுக்கு இந்த வரம்பு செல்லாதுன்னுச்சு. உடனே வேற வழி கண்டுபிடிச்சாங்க: ஒரு நாளைக்கு 100-ஐத் தாண்டினா ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சது 50 பைசா. அந்த 50 பைசா விதியை எப்போ எடுத்தாங்க தெரியுங்களா? 2020 ஜூன்ல. ஊரே வாட்ஸ்அப்புக்குப் போய், எஸ்எம்எஸ் அனுப்ப ஆளில்லாத காலத்துல எடுத்தாங்க.

2016-ல ஜியோ வந்ததும் கணக்கு தலைகீழா மாறிச்சு. பேச்சு, டேட்டா, நாளைக்கு 100 எஸ்எம்எஸ் எல்லாம் ஒரே பொட்டலம். மத்த கம்பெனிகளும் அதே பொட்டலத்துக்கு வந்துட்டாங்க. பூஸ்டர் கார்டு போச்சு, ரேட் கட்டர் போச்சு, பத்து ரூபாய்க்கு ஈசி ஏத்துறதும் போச்சு. நம்ம மாதிரி ஸ்மார்ட்போன் ஆளுங்களுக்கு லாபம்தான், மறுக்கலை. நாளைக்கு 100 எஸ்எம்எஸ் நமக்குச் சும்மா கிடைக்குது. நாம ஒண்ணுகூட அனுப்பறதில்லை. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு கட்டாயம் தேவைப்படுற அமுச்சிக்கு மட்டும் பூட்டு.

அந்தப் பூட்டை எப்படிப் போட்டாங்கன்னு ஒரே கம்பெனியோட விலையை வெச்சுப் பார்ப்போம், ஏர்டெல்னே வெச்சுக்குவோம். 2018 கடைசி வரைக்கும் பத்து ரூபாய் ஏத்தினாலே போன் உயிரோட இருக்கும், இன்கமிங் வந்துக்கிட்டே இருக்கும். அந்த வருஷம் "மினிமம் ரீசார்ஜ்"னு 28 நாளைக்கு 35 ரூபாய் கொண்டுவந்தாங்க. அப்புறம் 49. 2021 ஜூலையில 79. அதே வருஷம் நவம்பர்ல 99. அதுலயும் எஸ்எம்எஸ்ஸுக்குத் தனிக்காசு. 2022 கடைசியில ஹரியானா, ஒடிசாவுல ஆரம்பிச்சு ஒவ்வொரு மாநிலமா அந்த 99-ஐயும் தூக்கிட்டு 155 ஆக்கினாங்க. 2024 ஜூலையில 28 நாள் பேக் 199. ஆறு வருஷத்துல 35 எங்க, 199 எங்க?

2024 ஜூலைன்னு சொன்னேன் இல்லைங்களா, அதையும் கொஞ்சம் கவனிங்க. ஜூன் 4 நாடாளுமன்றத் தேர்தல் முடிவு. ஜூன் 27 ஜியோ அறிவிப்பு. மறுநாள் ஏர்டெல். பின்னாடியே வோடஃபோன் ஐடியா. மூணு கம்பெனிக்கும் ஒரே வாரத்துல ஒரே ஞானோதயம். கேட்டா மத்திய அரசு சொன்ன பதில், "கட்டணத்தைச் சந்தை தீர்மானிக்குது." சரிங்க, சந்தைன்னா நாலு கடை இருக்கணும், ஒருத்தன் ஏத்தினா இன்னொருத்தன் குறைக்கணும். நம்ம பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுறவங்களே இதைவிட நேர்மையாப் போட்டி போடுவாங்க. அதுபோக, பி.எஸ்.என்.எல். முழுசா அரசாங்கத்தோடது. வோடஃபோன் ஐடியாவுல 2025 ஏப்ரல்ல இருந்து ஏறக்குறைய 49 சதவீதப் பங்கு மத்திய அரசுகிட்ட. நாலு கடையில ஒண்ணு சொந்தம், இன்னொண்ணுல பாதி சொந்தம். அப்புறமும் "சந்தை தீர்மானிக்குது"ன்னா சந்தையில உக்காந்திருக்கிறதே நீங்கதானே?

நியாயமாச் சொல்லணும்னா, டிராய் சும்மாவும் இருக்கலை. 2024 டிசம்பர் 23-ல ஒரு நல்ல உத்தரவு போட்டுச்சு: டேட்டா வேண்டாதவங்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் இருக்கிற பேக்கைக் கம்பெனிங்க தனியாக் குடுத்தே ஆகணும். நாட்டுல சுமார் 15 கோடிப் பேர் இன்னும் சாதா போன்தான் வெச்சிருக்காங்கன்னு டிராயே கணக்குச் சொன்னது. படிச்சப்போ எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அமுச்சிக்குப் போன் போட்டுச் சொல்லலாமான்னுகூட நினைச்சேன். நல்லவேளை சொல்லலை.

ஜனவரியில கம்பெனிங்க பேக் கொண்டுவந்தாங்க. ஏர்டெல்ல ஏற்கெனவே 84 நாளைக்கு 6 ஜிபி டேட்டாவோட 509 ரூபாய் பேக் ஒண்ணு இருந்துச்சு. அதுல இருந்து டேட்டாவை மட்டும் உருவிட்டு 499-க்கு வெச்சாங்க. பத்து ரூபாய் தள்ளுபடி! சத்தம் வந்ததும், டிராய் புது பேக்கையெல்லாம் ஆராயப்போறேன்னு சொன்னதும், 469 ஆச்சு. ஜியோவுல 6 ஜிபியோட 479 இருந்தது, டேட்டா இல்லாம 458, அப்புறம் 448. இட்லி வேண்டாம், காப்பி மட்டும் போதும்னு சொன்னா, இட்லியை எடுத்துட்டு அதே பில்லை நீட்டுற ஓட்டல் இது. சட்டப்படி உத்தரவு நிறைவேறிடுச்சு. கையில மிச்சம் 31 ரூபாய், 40 ரூபாய்.

அதைவிட எனக்கு எரியறது அந்த 84 நாள். புதுசா வந்தது ஒண்ணு 84 நாள் பேக், இல்லைன்னா வருஷ பேக், அது 1,700-க்கு மேல. 28 நாளைக்குன்னு வகுத்தா 150 ரூபாய் வாக்குலதான் வருதுன்னு அவங்க சொல்லலாம். ஆனா திருப்பூர்ல சனிக்கிழமை சம்பளம் வாங்குறவங்க கையில மொத்தமா 448 எடுத்து வெக்க முடியுமா? சோமனூர், பல்லடம் பக்கம் தறி நின்னா அந்த வாரம் கூலியே இல்லை. வாரக்கூலிக்காரனுக்கு மூணு மாசத்து மூட்டையாத்தான் விப்பேன்னு சொல்றதே ஒரு தந்திரம். அந்த மூட்டையைத் தூக்க முடியாதவன் 28 நாளைக்கு 199 போட்டு, தொடவே தொடாத டேட்டாவுக்கும் சேர்த்து அழுவான். மாசச் சம்பளக்காரனைவிட வாரக்கூலிக்காரன் அதிகம் கட்டுறான், அதே ஓடிபிக்கு.

கட்டலைன்னா என்ன ஆகும்? முதல்ல அவுட்கோயிங் போகும். சில நாள்ல இன்கமிங்கும் போகும், எஸ்எம்எஸ்ஸும் சேர்ந்து போகும். அப்புறம் சிலிண்டர்க்காரர் வாசல்ல நின்னு "அம்மா, கோடு சொல்லுங்க"ம்பாரு. பேங்க்ல காசு எடுத்தது தெரியாது, எவனாவது ஏமாத்தி எடுத்தாலும் தெரியாது. இதுல பல பேங்க் எஸ்எம்எஸ் கட்டணம்னு மூணு மாசத்துக்கு 15 ரூபாய் வாக்குல பிடிச்சுக்கிட்டே இருக்கு. அனுப்பின மெசேஜுக்கு மட்டும் கணக்குப் பார்த்து வாங்குன்னு ரிசர்வ் பேங்க் 2013-லயே சொல்லியாச்சு. ஸ்டேட் பேங்க் 2020-ல கட்டணத்தையே விட்டுடுச்சு. மத்தவங்க? வந்து சேராத மெசேஜுக்கும் அமுச்சி கணக்குல காசு போகுது.

கடைசியா ஒண்ணு. இதைப் பத்தி யாருமே பேசறதில்லை, ஆனா நமக்குத்தான் இது அதிகம் வலிக்கணும். தமிழ்ல எஸ்எம்எஸ் அனுப்பினா விலை அதிகம். நிஜமாத்தாங்க. அந்த 140 பைட்ல இங்கிலீஷ்னா 160 எழுத்து போகும். தமிழ்னா 70 தான். அந்த 70-லயும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்தாக் கணக்கு. நம்ம ஊர் பேரையே எடுத்துக்குங்க. கோயம்புத்தூர்னு கையால எழுதினா ஏழு எழுத்து. எஸ்எம்எஸ் கணக்குல 13. இங்கிலீஷ்ல 10. ஒரு எஸ்எம்எஸ்ல நம்ம ஊர் பேரை இங்கிலீஷ்ல 16 தடவை எழுதலாம், தமிழ்ல 5 தடவைதான். ஆறாவது தடவை எழுதினா ரெண்டாவது எஸ்எம்எஸ், ரெண்டாவது காசு. மொத்தமா மெசேஜ் அனுப்புற பேங்க்குக்கும் கம்பெனிக்கும் இதே கணக்குதான். அப்புறம் அவங்க ஏன் தமிழ்ல அனுப்பப் போறாங்க? அமுச்சி போனுக்கு வர்ற பேங்க் மெசேஜ் அத்தனையும் இங்கிலீஷ்ல வந்து, பக்கத்து வீட்டுப் புள்ளைகிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்ற நிலைமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இது தொழில்நுட்பத்தால முடியாத விஷயம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மொபைலுக்கான உலகத் தர விதிகள்லயே தமிழுக்குத் தனி எழுத்து அட்டவணை இருக்கு, அதைப் பயன்படுத்தினா ஒரு எஸ்எம்எஸ்ல 150 எழுத்துக்கு மேல போகும். தாள்ல இருக்கு, போன்ல இல்லை. சரி, அதுகூட வேண்டாம். ரெண்டு துண்டாப் போனாலும் தமிழ் மெசேஜை ஒண்ணுன்னு கணக்கு வைன்னு ஒரு வரி உத்தரவு போட்டா முடிஞ்சுது. அனுப்ப ஆகுற அதிகச் செலவு ரெண்டு பைசா, நாலு பைசா.

"உலகத்துலயே இந்தியாவுலதான் டேட்டா விலை கம்மி, இன்னும் என்ன வேணும்"னு நம்ம பதிவுக்குக் கீழ வந்து எழுத ஒரு கூட்டம் ரெடியா இருக்கும். டேட்டா விலை கம்மிதான், ஒத்துக்கறேன். எங்க அமுச்சி டேட்டா கேக்கலை. ரெண்டு போன் பேசணும், நாலு மெசேஜ் வரணும், தேவைப்பட்டா ஒரு மெசேஜ் போகணும். அதை 28 நாளைக்கு, டேட்டாவோட விலையைக் கழிச்சுட்டு, ஒரு நியாயமான விலைக்குத் தனியாக் குடுங்க. ரீசார்ஜ் முடிஞ்சாலும் ஓடிபியும் அரசாங்க மெசேஜும் வர்றதை நிறுத்தாதீங்க. தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் ஒரே விலை வைங்க. 2021-ல போர்ட் மெசேஜைத் தொறந்துவிட ஒரு உத்தரவு போதுமா இருந்துச்சுன்னா, இதுக்கும் ஒரு உத்தரவு போதும்.

அது வர்ற வரைக்கும் ஐடி விங் தம்பி தங்கச்சிங்க, நம்ம கிளை நிர்வாகிகள் எல்லாரும் உங்க தெருவுல கீபேடு போன் வெச்சிருக்கிற பெரியவங்க வீட்டுக்கு ஒருக்கா போய் வாங்க. டேட்டா பேக் போட்டுக்கிட்டிருந்தா, அதே கம்பெனியில பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் இருக்கிற பேக் எதுன்னு காட்டுங்க, கடைக்காரங்க பல பேர் தானாச் சொல்றதில்லை. கம்பெனி மாத்தணும்னு கேட்டா 1900-க்கு அனுப்பிக் குடுங்க. வர்ற கோடு நம்ம ஊர்ல 4 நாள்தான் செல்லும், அதுக்குள்ள புது சிம் வாங்கிடணும். சின்ன பேக்குன்னு சொல்லி மெசேஜ் போகாம நின்னா, 2021 டிசம்பர் 7 டிராய் உத்தரவுன்னு சொல்லி அந்தக் கம்பெனியிலேயே புகார் போட்டு, புகார் எண்ணை வாங்கி வைங்க.

எங்க அமுச்சிக்கு அந்த டிசம்பர்லயே மாத்திக் குடுத்தாச்சு. தோட்டத்துல இப்போ ரெண்டு கோடு டவர் நிக்குது. மெசேஜ் மட்டும் இன்னும் இங்கிலீஷ்லதான் வருது. "என்னன்னு பாரு சாமி"ன்னு ஒவ்வொரு தடவையும் போனை எங்கிட்டத்தான் நீட்டறாங்க.

#பேச்சுக்கும்_மெசேஜுக்கும்_மாசபேக்
#தமிழ்_எஸ்எம்எஸ்_ஒரே_விலை